முதல் வாரம் எல்லோரும் வந்தார்கள், அப்புறம் யாரும் இல்லை. கஷ்டத்தில் சபை எதற்கு?

ஓசூர்_ஷிப்ட்:
எல்லோருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அக்கா வீடு பாலக்கோடு பக்கம். மாமா தக்காளி வைப்பவர், கூடவே அக்கம்பக்கத்தவர் சரக்கையும் சேர்த்துச் சின்ன யானை வண்டியில் சேலம் மண்டிக்கு ஏற்றிக்கொண்டு போவார். போன வருடம் தொப்பூர் இறக்கத்தில் வண்டி கவிழ்ந்துவிட்டது. உயிர் பிழைத்தார், ஆனால் முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம், படுக்கைதான்.

முதல் வாரம் சபை முழுக்க வந்தது. உண்மையாகவே முழுக்க. பிரெட், ஹார்லிக்ஸ், சாத்துக்குடி. பிரெட் எவ்வளவு சேர்ந்தது என்றால் கடைசியில் கன்றுக்குட்டிக்குப் போட்டோம். ஆயர் வந்து ஜெபித்தார், எண்ணெய் பூசினார். இரண்டாவது மாதம் நாலைந்து பேர். இப்போது யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெயர் சொல்லி ஜெபிக்கிறார்களாம், அது அக்காவுக்கு இன்னும் எரிச்சல். "என் பெயரை மைக்கில் சொல்பவர்களுக்கு என் வீட்டு வழி தெரியாதா" என்கிறாள்.

அவள் இப்போது சபைக்குப் போவதில்லை. விடிகாலையில் போனில் யூடியூப் செய்தி கேட்கிறாள், ஜெபிக்கிறாள், வேலையைப் பார்க்கிறாள். "வீட்டிலிருந்து ஜெபித்தால் கர்த்தருக்குக் கேட்காதா" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? கஷ்டகாலத்தில் சபை என்று ஒன்று நிஜமாகவே வேண்டுமா, வேண்டும் என்றால் எதற்கு? எந்தச் சபை என்று சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். வெறும் வசனம் மட்டும் அனுப்ப வேண்டாம், ப்ளீஸ்.

ஜெபசேனை:
பிரதர், வசனம் வேண்டாம் என்று சொன்னாலும் சொல்ல வேண்டியது என் கடமை. எபிரெயர் 10:25. சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது. சகோதரி மனிதர்களைப் பார்த்துச் சபைக்குப் போனதால்தான் மனிதர்களைப் பார்த்துச் சபையை விட்டார்கள். இது சோதனைக்காலம். இரவு 9 மணிக்கு எங்கள் குழுவில் தினமும் ஜூமில் ஜெபம் நடக்கிறது, லிங்க் அனுப்புகிறேன், சேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள்.

தகடூரான்:
வந்துவிட்டார். அண்ணே, அந்த அம்மா ராத்திரி 9 மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பார் தெரியுமா? கீழே உணர்வு இல்லாத ஆளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். மூத்திரப் பையை மாற்ற வேண்டும். மாட்டுக்குத் தீவனம் வைக்க வேண்டும். இதற்கு நடுவில் ஜூமா? அதே எபிரெயரில் அதற்கு முந்தின வசனத்தையும் படியுங்கள். அன்புக்கும் நற்கிரியைக்கும் ஒருவரையொருவர் ஏவிவிட வேண்டும் என்றுதான் இருக்கிறது. கூடிவருவதே அதற்காகத்தான். கூடிவந்து மைக்கில் பெயர் வாசிப்பதற்கு இல்லை.

பாரூர்_அக்கா:
தம்பி, நான் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கம். எங்கள் பங்குக் கோயிலில் அன்பியப் பொறுப்பில் இருக்கிறேன் (அன்பியம் என்றால் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த சின்னக் குழு), அதனால் இந்த விஷயத்தில் நிறைய அடிபட்டிருக்கிறேன். உங்கள் அக்கா சொல்வது எல்லா ஊரிலும் நடப்பதுதான். முதல் வாரம் கூட்டம் வருவது பாசத்தால்தான், பொய் இல்லை. ஆனால் அந்தப் பாசத்துக்கு என்ன செய்வது என்று தெரியாது, அதனால் பிரெட் வாங்கிக்கொண்டு வருகிறது. "ஏதாவது வேணும்னா சொல்லும்மா" என்று சொல்லிவிட்டுப் போகும். எந்தப் பொம்பளை போன் போட்டு "எனக்கு இது வேணும்" என்று கேட்பாள்? கேட்கவே மாட்டாள். வந்தவர்களும் "சொல்லவே இல்லையே" என்று இருந்துவிடுவார்கள்.

எங்கள் அன்பியத்தில் 25 குடும்பம்போல இருக்கும். ஒரு வீட்டில் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குக் கிருஷ்ணகிரி போக வேண்டிவந்தது. எங்கள் ஊரில் ஒரு ரிட்டயர்டு டீச்சர், வாய் கொஞ்சம் கடுமை, யாருக்கும் அவரைப் பிடிக்காது. அவர்தான் ஒரு நோட்டு எடுத்துக் கோடு போட்டார். செவ்வாய் யார் கூடப் போவது, வெள்ளி யார், அன்றைக்கு அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு யார், ரேஷன் கடைக்கு யார் என்று பெயரை எழுதிவிட்டு "இது உங்க வாரம்" என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டார். கேட்கவில்லை, சொன்னார். ஜனங்களும் செய்தார்கள், ஏனென்றால் எல்லோருக்கும் செய்ய ஆசைதான், யாராவது நாளும் நேரமும் குறித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். களி கிண்டிக் கீரை கடைந்து எடுத்துக்கொண்டு போனவர்கள் யாரும் பெரிய பணக்காரர்கள் இல்லை.

ஆகவே உங்கள் அக்காவின் சபையில் அன்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நோட்டு இல்லை.

அரூர்_மாரி:
நான் கிறிஸ்தவன் இல்லை, தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதில் சபைக்கு என்று தனியாக என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால் பங்காளி வீட்டில் உலை வைத்துவிடுவார்கள், துக்க வீட்டில் அடுப்பு எரியாது. மாமன் மச்சான் செய்முறை வரும், ஊரே நிற்கும். இதெல்லாம் எல்லா ஜனத்துக்கும் உண்டு. நீங்கள்தான் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறீர்கள் என்று தோன்றுகிறது.

பாரூர்_அக்கா:
சரியான கேள்வி தம்பி. நான் மறுக்கவில்லை. எங்கள் ஊரிலும் பங்காளி வீட்டுச் சோறுதான் முதலில் வரும், அது ஆர்.சி. வீடானாலும் சரி.

தகடூரான்:
மாரி, பங்காளி இருப்பவனுக்குப் பங்காளி சோறு. இல்லாதவனுக்கு? ஓசூரில் சிப்காட்டில் வேலைக்கு வந்து வாடகை வீட்டில் இருக்கும் குடும்பம், காதல் கல்யாணம் பண்ணி வீட்டைவிட்டு வந்த ஜோடி, கும்பிடுகிற சாமியை மாற்றிக்கொண்டதால் அண்ணன் தம்பி பேச்சை நிறுத்திய வீடு, இவர்களுக்கு யார் உலை வைப்பது? நம் மாவட்டத்தில் பாதி வீட்டில் யாரோ ஒருவர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார். அங்கே சாரத்திலிருந்து விழுந்தால் பங்காளி வருவதற்குள் ஒரு நாள் ஆகிவிடும். நான் பார்த்த வரையில் சபை என்பது இந்த ஆட்களுக்குத்தான் நிஜமாகத் தேவைப்படுகிறது. சொந்தபந்தம் நிறைய இருக்கிறவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை நல்ல சட்டை போட ஒரு இடம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. சபைக்குள்ளேயும் பங்காளி கணக்கு உண்டு. யார் வீட்டில் சாவு என்றால் முழுச் சபையும் போகிறது, யார் வீட்டுக்கு ஆயரும் கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளையும் மட்டும் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். காலனி வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காத ஜெப வீரர்களை எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் சாதி பார்த்துப் பிரித்த கல்லறைத் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. கஷ்டத்தில் ஐக்கியம் என்று பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

அரூர்_மாரி:
அப்படிச் சொன்னால் புரிகிறது. கடைசிப் பாரா எங்களுக்கும் சேர்த்துத்தான்.

பாராமகால்:
வயதானவன், மெதுவாகத்தான் தட்டுவேன். தகடூரான் சொன்ன கணக்குப் பிரச்சினை புதிதில்லை. பைபிளில் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை எடுங்கள். எருசலேம் சபை தொடங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும், அதற்குள் தினசரிச் சாப்பாட்டு விநியோகத்தில் கிரேக்கு பேசும் விதவைகளை விட்டுவிடுகிறார்கள் என்று முறுமுறுப்பு வந்துவிட்டது. அப்போஸ்தலர்கள் "முறுமுறுக்காமல் ஜெபியுங்கள்" என்று சொல்லவில்லை. ஏழு பேரைத் தேர்ந்தெடுத்து அந்த வேலைக்கென்றே வைத்தார்கள். அந்த ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயராக இருப்பதைக் கவனியுங்கள், அதாவது யார் விடுபட்டார்களோ அவர்கள் பக்கத்து ஆட்கள் கையிலேயே பந்தியைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. பாரூர் அம்மா சொன்ன நோட்டு அங்கிருந்தே இருக்கிறது.

மூன்றாம் நூற்றாண்டில் ரோம சாம்ராஜ்யத்தில் பெரிய கொள்ளைநோய் வந்தது. கார்த்தேஜில் சிப்ரியான் பிஷப்பாக இருந்த காலம் என்பதால் அவர் பெயரிலேயே அந்த நோயைச் சொல்கிறார்கள். அலெக்சாந்திரியாவில் டயனீசியஸ் என்ற பிஷப் எழுதிய கடிதத்தில், மற்றவர்கள் தங்கள் நோயாளிகளைத் தெருவில் போட்டுவிட்டு ஓடியபோது விசுவாசிகள் கூடவே இருந்து பார்த்து, அதனாலேயே செத்தும் போனார்கள் என்று இருக்கிறது. தம் ஆட்களைப் பற்றி அவரே எழுதியது, கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் நூறு வருடம் கழித்து ஜூலியன் என்ற ராஜா, கிறிஸ்தவத்தைப் பிடிக்காதவர், இவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துப் போஷிக்கிறார்களே என்று தன் பூசாரிகளிடம் கடுப்பாக எழுதினார். எதிராளி ஒத்துக்கொண்ட சாட்சி அது, அதை நம்பலாம்.

தகடூரான்:
பெரியவரே, கார்த்தேஜ் எல்லாம் சரி. பாலக்கோட்டுக்கு வாங்க.

பாராமகால்:
பாலக்கோடு வேண்டாம், கிருஷ்ணகிரிக்கு வருகிறேன். 1895இல் அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சபையார் இந்தியாவில் முதலில் வேலை தொடங்கியது நம் கிருஷ்ணகிரியில். ஐ.இ.எல்.சி. (இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை) என்று இன்று சொல்கிறோமே, அதன் வேர் அதுதான். தொடங்கியவர்களில் ஒருவர் தியோடர் நேத்தர். 1898இல் பெங்களூரில் பிளேக் வந்தது, அது மைசூர் எல்லையைத் தாண்டி இந்தப் பக்கமும் பரவியது. அப்போது ஜனங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுக் காட்டில் குடிசை போட்டு இருப்பார்களாம். நேத்தர் ஊரைவிட்டுப் போகவில்லை. 1904இல் பிளேக்கிலேயே இறந்துபோனார். வெள்ளைக்காரத் துரைகளைப் புகழ்வது என் வேலை இல்லை, அவர்களிடம் குறைகளும் உண்டு. ஆனால் ஊர் காலியாகும்போது இருந்தவன் என்ற ஒரு கணக்கு இருக்கிறது பாருங்கள், நம் பக்கத்து ஜனம் அதை மறக்காது.

ஊத்தங்கரை_டீக்கடை:
அதே கணக்குதான். 2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ற காரும் வேனும் படகு மாதிரி ரோட்டில் போனதை எல்லோரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். என் கடைக்குள் முழங்கால் அளவு சேறு. அன்றைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம், மண்டபம், பள்ளிவாசல், சர்ச் என்று எது மேட்டில் இருந்ததோ அதெல்லாம் திறந்தது. யார் எந்த மதம் என்று யாரும் கேட்கவில்லை, உண்மை. நான் சொல்ல வந்தது அது இல்லை. பத்து நாளில் தண்ணீர் வடிந்து கேமரா போனது, எங்கள் சின்னச் சபையில் சில பேர் மட்டும் மாதக்கணக்கில் ஒரு வேலை செய்தார்கள். நனைந்துபோன ரேஷன் கார்டு, ஆதார், பத்திரம், மார்க் ஷீட், இதற்கெல்லாம் நகல் வாங்க வேண்டுமே, படிக்காதவர்களைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கும் இ-சேவை மையத்துக்கும் நடந்தார்கள். இது யூடியூபில் நடக்காது சார்.

ஓசூர்_ஷிப்ட்:
எல்லோருக்கும் நன்றி. பாரூர் அக்கா எழுதியதை அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "பிரெட்" என்ற இடத்தில் சிரித்துவிட்டாள். அப்புறம் ஒன்று சொன்னாள், அது எனக்கே தெரியாது. மாமாவின் வண்டிக் கடன், அதற்கு மேல் குழுக்கடன் இரண்டு. வாரத் தவணைக்கு வசூல்காரர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். குழுவில் இருக்கும் மற்ற பெண்கள் பாதிப் பேர் சபைப் பெண்கள்தான், இவள் கட்டாவிட்டால் அவர்கள் தலையில் விழும். அதனால் அவர்களே இவள் வீட்டுப் பக்கம் வரக் கூச்சப்படுகிறார்கள், இவளுக்கும் ஆராதனையில் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சபைக்குப் போகாததற்குக் காரணம் யூடியூப் இல்லை போலிருக்கிறது.

ஆயரம்மா:
தம்பி, இதைத்தான் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு போதகரின் மனைவி, தேன்கனிக்கோட்டை பக்கம். உள்ளேயிருந்து பார்க்கிற எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கஷ்டங்களில் இரண்டு வகை உண்டு. விபத்து, கேன்சர், சாவு, வெள்ளம் என்றால் வெளியே சொல்லலாம், சபை வரும். கடன், குடி, கணவன் அடிப்பது, மகளின் காதல், மகனுக்கு மனநிலை சரியில்லாதது, இதையெல்லாம் சாட்சி நேரத்தில் யாரும் எழுந்து சொல்ல மாட்டார்கள். "விசேஷித்த விண்ணப்பம்" என்று சீட்டில் எழுதிப் போடுவார்கள், அவ்வளவுதான். சொன்னால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் வந்துவிடும், அல்லது ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் போய்விடும். ஜெபக் குறிப்பு என்று சொல்லிப் பேசுகிற புறணி இருக்கிறதே, அதைப் போல ஒரு வீட்டை உடைப்பது வேறு இல்லை. எங்கள் சபையில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம், யார் வீட்டு விஷயமும் அவர்களிடம் கேட்காமல் குழுவில் போடக் கூடாது, போட்டோவும் கூடாது. பெரிய கண்டிப்பு எல்லாம் இல்லை, சொல்லிச் சொல்லித்தான் பழக்கினோம். அதற்கப்புறம்தான் நாலு பேர் உண்மையான கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

போதகர் பக்கமும் ஒரு நியாயம் சொல்லவா? சுயாதீனச் சபைப் போதகருக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. காணிக்கைதான். கொரோனாவில் 2020 மார்ச் கடைசியில் பூட்டிய சபையைத் திறக்க மாதக்கணக்கில் ஆனது, அந்த நேரத்தில் எத்தனை போதகர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று யாரும் கேட்கவில்லை. விசுவாசிகளிடம் எப்படிக் கேட்பது? அவர்களுக்கே வேலை இல்லை. அப்போது எங்களுக்கு ராகியும் துவரையும் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனது ஒரு லம்பாடி அம்மா, ஞானஸ்நானம்கூட எடுக்காதவர். எனவே உங்கள் அக்கா வீட்டுக்கு வராத ஆயரைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். அவர் வீட்டில் என்ன நிலைமையோ.

ஜெபசேனை:
அம்மா நீங்கள் சொல்வது உண்மை. ஆனாலும் ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து கேலி செய்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது யாரோ முழங்காலில் நிற்கிறார்கள் என்ற நினைப்புதான் என்னை நிறுத்தியது. சாப்பாடு வந்தது, நல்லதுதான், ஆனால் ராத்திரி மூன்று மணிக்குச் சாப்பாடு உதவாது.

தகடூரான்:
இதை நான் கேலி செய்ய மாட்டேன். அது சரிதான். ஆனால் உங்களுக்காக ஜெபித்தவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்கள், முகம் தெரிந்தவர்கள். லிங்க் இல்லை.

பாராமகால்:
பைபிளில் எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் சிநேகிதர்களை எல்லோரும் திட்டுகிறோம். அவர்கள் வந்து முதலில் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாள் நன்றாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. அவர்கள் சொன்னது எல்லாம் என்ன? "உன்னிடம் ஏதோ பாவம் இருக்கும்." இன்றும் படுக்கையில் கிடப்பவன் தலைமாட்டில் நின்று அதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறோம். "வீட்டில் ஏதாவது விக்கிரகம் இருக்கிறதா பாருங்கள்", "தசமபாகம் ஒழுங்காகக் கொடுத்தீர்களா" (வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கை).

ஓசூர்_ஷிப்ட்:
ஐயா, அந்தத் தசமபாகக் கேள்வி மாமாவிடம் கேட்கப்பட்டது. யார் கேட்டார் என்று எழுத மாட்டேன். தக்காளி கிலோ இரண்டு ரூபாய்க்குப் போய், பறிக்கக் கூலி கட்டாமல் செடியிலேயே விட்ட வருடம் அது.

தகடூரான்:
தூ.

ஆயரம்மா:
அதைக் கேட்டவருக்காக நான் மன்னிப்புக் கேட்க முடியாது, ஆனால் கேட்கத் தோன்றுகிறது.

தம்பி, வேலைக்கு வருவோம். மாமாவை ரீஹாபுக்கு, அதாவது மறுவாழ்வுப் பயிற்சிக்கு, எங்காவது கொண்டுபோனீர்களா? ஆபரேஷனோடு விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். வேலூர் சி.எம்.சி.க்குப் பாகாயத்தில் இதற்கென்றே தனி இடம் இருக்கிறது. அதைத் தொடங்கியவர் மேரி வர்கீஸ் என்ற டாக்டர். 1954இல் வண்டி விபத்தில் அவருக்கே தண்டுவடம் போய்விட்டது. அப்போது இளம் டாக்டர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைக்கு ஆபரேஷன் செய்தார், பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து 1966இல் அந்த நிலையத்தைத் தொடங்கினார். அங்கே படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தானே சிறுநீர்க் குழாய் வைத்துக்கொள்வது, உட்கார்ந்தபடி என்ன தொழில் செய்யலாம் என்பதுவரை கற்றுக்கொடுக்கிறார்கள். வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கும் சேர்த்துப் பயிற்சி. கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக நேர் ரோடு. அக்கா ஒருவரே அங்கே போய்த் தங்க முடியாது, மாட்டையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பது? இதற்குத்தான் சபை வேண்டும். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

ஊத்தங்கரை_டீக்கடை:
வீட்டுக்கே வருகிற பிசியோதெரபியும் இருக்கிறது சார். மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்ட்டில் நம்ம சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைத்தார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். தண்டுவடம் பாதித்தவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் உண்டு, கலெக்டர் ஆபீசில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும். முதலில் அடையாள அட்டை வாங்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாவிட்டால் அதற்கும் எழுதுங்கள், வி.ஏ.ஓ. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் போதும்.

பாரூர்_அக்கா:
குழுக்கடனைப் பற்றி. அந்தக் குழுப் பெண்களையும் உங்கள் அக்காவையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேச ஒருவர் வேண்டும், ஆண்கள் வேண்டாம். தவணையை ஒத்திவைக்கச் சொல்லிக் கம்பெனியிடம் எழுதிக் கேட்பதையும் குழுவாகப் போய்ச் செய்யுங்கள், தனியாகப் போனால் மதிக்க மாட்டார்கள். எங்கள் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது, பாலக்கோடு பக்கமும் ஆட்களைத் தெரியும். அவர்கள் இரண்டு இரண்டு பேராக வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள், யாருக்கு என்ன கொடுத்தோம் என்று வெளியே சொல்ல மாட்டார்கள். அக்கா ஆர்.சி. இல்லை என்பது அவர்களுக்கு ஒரு விஷயமே இல்லை. அனுப்பவா? அக்காவைக் கேட்டுச் சொல்லுங்கள்.

அரூர்_மாரி:
வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்ததா என்று பாருங்கள் அண்ணா. வண்டி ஓட்டிய உரிமையாளருக்கான விபத்துக் காப்பீடு அந்தப் பாலிசியிலேயே இருக்கலாம், நிறையப் பேர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். எஃப்.ஐ.ஆர். நகலும் பாலிசியும் எடுத்துக்கொண்டு தருமபுரி கோர்ட் பக்கம் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

ஓசூர்_ஷிப்ட்:
கொஞ்ச நாளாக வர முடியவில்லை, நைட் ஷிப்ட். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பாரூர் அக்கா சொன்ன இரண்டு பேர் போனார்கள். அக்கா மூன்று நிபந்தனை போட்டிருந்தாள். போட்டோ எடுக்கக் கூடாது, பழம் வாங்கி வரக் கூடாது, மாமாவிடம் "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லக் கூடாது. அவர்கள் மூன்றுக்கும் சரி என்று சொல்லி, வந்து, மாமாவைப் புரட்டுவதற்குக் கட்டிலின் உயரம் சரியில்லை என்று பார்த்து, நாலு காலுக்கும் கீழே ஹாலோ பிளாக் கல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அக்காவின் இடுப்புவலி பாதி குறைந்ததாம். இப்போது திங்களும் வியாழனும் வருகிறார்கள். இதை அக்கா பெருமையாகச் சொன்னாள். குழுப் பெண்களில் ஒருத்தி சாயங்காலம் பால் கறக்க வருகிறாள், கடனைப் பற்றி இரண்டு பேரும் இன்னும் பேசவில்லை. பாலிசி கிடைத்தது, மாரி, அந்தக் காப்பீடு அதில் இருக்கிறது, வக்கீலிடம் கொடுத்திருக்கிறோம். பாகாயத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம்.

இப்போது புதுப் பிரச்சினை. ஆர்.சி. ஆட்கள் வீட்டுக்கு வருவது எங்கள் ஆயருக்குப் பிடிக்கவில்லை. "நம்ம சபை விசுவாசி வீட்டுக்கு அவர்கள் எதற்கு" என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார்.

தகடூரான்:
நல்லது. இப்போதாவது வழி தெரியும்.

ஆயரம்மா:
அப்படிப் பேசி அனுப்பாதீர்கள். தம்பி, நீங்களே நேரில் போங்கள். குறை சொல்லாமல், அவர்கள் திங்களும் வியாழனும் வருகிறார்கள், செவ்வாய்க்கு நம் சபையிலிருந்து இரண்டு பேர் வேண்டும், பாகாயம் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு வேண்டும் என்று நாளும் பெயரும் போட்டுக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். அவருக்கும் செய்ய ஒரு வழி வேண்டும்.

ஜெபசேனை:
நான் மாரண்டஹள்ளி. வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. மாருதி ஆம்னி வேன் இருக்கிறது, மாமாவைப் படுக்கவைத்துக் கொண்டுபோக ஆகுமா என்று ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். நம்பரைத் தனியாக அனுப்புங்கள்.

ஓசூர்_ஷிப்ட்:
அனுப்பிவிட்டேன் அண்ணா. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆயரைப் பார்க்கிறேன், அக்கா தானும் வருகிறேன் என்கிறாள், வருவாளோ மாட்டாளோ. செவ்வாய்க்கும் சனிக்கும் இன்னும் ஆள் இல்லை. பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மாமா ஆள் கனமானவர், தூக்கத் தெம்பு வேண்டும்.